அடித்தல் திருத்தல்: மதிப்பீட்டுப் பதிவேடும் மாணவத் தன்னிலையும்

1

தொடக்கப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்பு எடுக்கிற தோழி ஒருவர் சொன்ன சங்கதியிலிருந்து தொடங்கலாம். அவர் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பெண் பிள்ளைகள். இனிஷியல்தான் வேறு. மதிப்பீடு நடந்த நாளில் ஒருத்தி வந்திருந்தாள், மற்றவள் வரவில்லை. சாயங்காலம் செல்போன் செயலியில் விடைகளை ஏற்றும்போது வந்தவளின் விடைகள் வராதவள் பெயரில் ஏறிவிட்டன. மறுநாள் காலையில் பார்த்துத் திருத்தப் போனால் கட்டம் சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கிறது, தொட்டால் அசையவில்லை. மேலே போன் போட்டிருக்கிறார். "டீச்சர், அது லாக் ஆயிடுச்சு. மேலேருந்து தொறந்தாத்தான் உண்டு. விடுங்க, அடுத்த தடவை சரியாப் போட்டுக்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது.

வந்தவள் வராதவள் ஆனாள். வராதவள் எழுதாத தேர்வில் ஒரு நிலையை அடைந்தாள். ஆசிரியை இரண்டு குழந்தைகளையும் தினமும் பார்க்கிறார். யாருக்கு எந்த எழுத்து தடுமாறுகிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிவது இப்போது தகவல் அல்ல. உறைந்த கட்டத்தில் இருப்பதுதான் தகவல்.

இதை ஒரு சின்ன நிர்வாகக் கோளாறு என்று தள்ளிவிட்டுப் போகலாம். போகக்கூடாது என்பதே இக்கட்டுரையின் கட்சி. ஒரு பதிவைத் திருத்த யாருக்கு உரிமை இருக்கிறது, அழிக்க யாருக்கு உரிமை இருக்கிறது, திருத்தியதற்கான தடயம் எங்கே தங்குகிறது என்பவை எல்லாம் அதிகாரத்தைப் பற்றிய கேள்விகள். தேர்வைப் பற்றி ஃபூக்கோ 1975-இல் எழுதியதை நம்மில் பலர் படித்திருக்கிறோம். பார்வையும் தீர்ப்பும் ஒன்றாகிற சடங்கு தேர்வு. அது ஒவ்வொரு ஆளையும் எழுத்துக்குள் கொண்டுவந்து ஒரு 'கேஸ்' ஆக்குகிறது என்பது அவருடைய வாதம். படித்தோம், மேற்கோள் காட்டினோம். நம் பக்கத்துத் தெருப் பள்ளியில் அந்த எழுத்து எப்படி எழுதப்படுகிறது, எழுதியபின் என்ன ஆகிறது என்று பார்க்கவில்லை.

பழைய மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு ஒரு விதி ஞாபகம் இருக்கும். அடித்தல் திருத்தல் கூடாது. தவிர்க்க முடியாமல் திருத்தினால், தவறான எண் தெரிகிற மாதிரி அதன்மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியான எண். அதற்குப் பக்கத்தில் தலைமையாசிரியரின் சுருக்கொப்பம். சுரண்டக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. அடித்த சொல்லை வாசிக்க விட்டுவைக்கிற எழுத்துமுறையைத் தெரிதா ஹைடெக்கரிடமிருந்து எடுத்துப் பெரிய தத்துவமாக்கினார். நம்மூர்ப் பள்ளி எழுத்தர்கள் அதைத் தத்துவம் என்று தெரியாமலே செய்துகொண்டிருந்தார்கள்! அந்தப் பக்கத்தைத் திறந்தால் மூன்று சங்கதிகள் ஒரே இடத்தில் தெரியும்: முதலில் என்ன எழுதப்பட்டது, பிறகு என்னவாக மாற்றப்பட்டது, யார் பொறுப்பேற்றது. தவறு செய்த நிறுவனம் தவறியதை ஒப்புக்கொண்ட இடம் அந்தக் கோடு.

பழைய பதிவேட்டைப் புனிதப்படுத்த வரவில்லை. கிராமத்தில் பிறந்த எத்தனையோ பேருக்கு மே, ஜூன் மாதப் பிறந்தநாளைச் சூட்டியது அதே பதிவேடுதான். பள்ளியில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். அம்மாவுக்குத் தேதி தெரியாது, அந்த வருஷம் புயலடித்தது மட்டும் தெரியும். வாத்தியார் ஒரு தேதி போட்டார். அந்தத் தேதியில்தான் பின்னால் வேலையும் ஓய்வும் வந்தன. எழுதியவர் கைக்கு இருந்த அதிகாரம் எழுதப்பட்டவர் வாழ்வுக்கு இல்லை என்பது தாளிலும் உண்மைதான். தாளில் அந்தக் கை யாருடையது என்று தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அதுவே பெரிய வித்தியாசம்.

2

மின்னணுக் கற்றல் தொகுப்பேட்டின் இலக்கணத்தை வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிற ஒரு பிரதி உண்டு. எக்ஸ்-ஏபிஐ என்கிற தொழில்நுட்பத் தரம். 2013-இல் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்குகிற பயிற்சித் திட்டம் ஒன்றின் ஆதரவில் பிறந்தது. நம்மூர்ச் செயலிகள் இதே வடிவத்தில் ஓடுகின்றன என்று நான் சொல்லவில்லை. மற்ற இடங்களில் ஒளிந்திருக்கும் சிந்தனை இங்கே விதியாக எழுதப்பட்டிருக்கிறது என்பதால் இதை ஓர் இலக்கியப் பிரதியைப் போல வாசித்துப் பார்க்கலாம்.

இந்த இலக்கணத்தில் கற்றல் என்பது வாக்கியங்களின் குவியல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய், வினை, செயப்படுபொருள். 'இன்னார் - முயன்றார் - இந்தத் தேர்வை.' 'இன்னார் - தோற்றார் - இந்தத் தேர்வில்.' வாக்கியத்தில் இன்னொரு உறுப்பும் உண்டு: இக்கூற்று உண்மை என்று உறுதிசொல்பவர் யார் என்பதைக் குறிக்கிற உறுப்பு. அதன் பெயரே 'அதாரிட்டி', அதாவது அதிகாரம். விளக்கம் எழுதத் தேவையில்லாமல் பிரதி தன்னைத் தானே கட்டவிழ்த்துக் காட்டுகிறது. மாணவி எல்லா வாக்கியத்துக்கும் எழுவாய். ஆனால் எந்த வாக்கியத்தையும் சொல்பவள் அவளாக இருக்க வேண்டியதில்லை. அவளைப் பற்றி இடைவிடாமல் பேச்சு நடக்கிறது; பேசுகிறவள் அவளல்ல. தன்னிலை என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்ட சொல்லுக்கு ஆள்வது, ஆளப்படுவது என்கிற இரட்டை அர்த்தம் உண்டே, அதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்குமா?

அடுத்து வருவதுதான் நம் விஷயம். ஒருமுறை பதிவான வாக்கியத்தை இங்கே மாற்ற முடியாது, நீக்கவும் முடியாது. தவறு என்று தெரிந்தால் இன்னொரு வாக்கியம் எழுதவேண்டும்: 'அந்த வாக்கியம் செல்லாது.' அதற்கென்றே தனியாக ஒரு வினைச்சொல். முந்தைய வாக்கியம் வழக்கமான தேடலில் தலைகாட்டாது, ஆனால் கிடங்கில் கிடக்கும். இன்னும் ஒரு விதி: செல்லாது என்று சொன்ன வாக்கியத்தைச் செல்லாது என்று ஆக்க முடியாது. மறுப்புக்கு மறுப்பு கிடையாது.

முதல் பார்வைக்கு இது பள்ளி எழுத்தர் போட்ட ஒற்றைக் கோடு மாதிரிதான் தெரிகிறது. அழிக்காதே, அடித்துக் காட்டு. ஆனால் தாளில் அடித்தது அடிபட்டவர் கண்ணில் பட்டது. பிள்ளையின் அப்பா ஆபீஸ் ரூமில் நின்றுகொண்டு எட்டிப் பார்த்து, "அது என்ன சார் அடிச்சிருக்கு?" என்று கேட்க முடிந்தது. கிடங்கிலோ அடித்ததும் தெரியாது, அடிபட்டதும் தெரியாது. இரண்டையும் பார்க்கிற கண் மேலே இருக்கிறது. தடயம் இருக்கிறது, ஆனால் தடயத்தை வாசிக்கும் உரிமை கைமாறிவிட்டது.

மாற்றமுடியாமைக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டக்கூடாது. மதிப்பெண்ணைத் திருத்துவது நம் நாட்டில் ஒரு வியாபாரம். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017-இல் நடந்த மறுமதிப்பீட்டில் பணத்துக்கு மதிப்பெண் கூட்டப்பட்டதாக 2018-இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது. திருத்தம் என்கிற வாசல் திறந்தால் அதில் முதலில் நுழைபவன் காசுள்ளவன். பூட்டு அவனைத் தடுக்கத்தான் என்கிறார்கள். சரி. ஆனால் பூட்டின் சாவி எப்போதும் மேலே இருக்கிறது. மேலே போகத் தெரிந்தவனுக்குப் பூட்டு ஒரு பொருட்டே இல்லை. மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கும், எழுதிய தேர்வை எழுதவில்லை என்று பதிவான குழந்தைக்கும்தான் அது பூட்டு.

3

எது பிழை? இந்தக் கேள்விக்கு லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பர் 20 அன்று ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அயர்லாந்தில் பட்டயக் கணக்காளர் பயிற்சியில் இருந்த பீட்டர் நோவாக் ஒரே தாளில் நான்கு முறை தோற்றார். நான்காவது தோல்வி 2009 இலையுதிர் காலத்தில். முடிவை எதிர்த்துப் பார்த்தார், பலிக்கவில்லை. 2010 மே மாதம் தன்னைப் பற்றி வைத்திருக்கும் தகவல் எல்லாவற்றையும் தரும்படி தேர்வு நடத்திய அமைப்பைக் கேட்டார். பதினேழு ஆவணங்கள் வந்தன. விடைத்தாள் மட்டும் வரவில்லை. விடைத்தாள் உங்களைப் பற்றிய தகவல் அல்ல என்றார்கள்.

ஏழு வருஷம் கழித்து நீதிமன்றம் சொன்னது: விடைத்தாள் எழுதியவரைப் பற்றிய தகவல்தான். அவர் எப்படி யோசிக்கிறார், எவ்வளவு தெரியும் என்பதை அது காட்டுகிறது. ஓரத்தில் திருத்துபவர் எழுதும் குறிப்பும் மாணவரைப் பற்றிய தகவல்தான். அதே சமயம் அது திருத்தியவரைப் பற்றிய தகவலும் ஆகிறது. சிவப்பு மைக்கு இரண்டு சொந்தக்காரர்கள் என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது நம் மாதிரி பிரதி-வாசிப்பு ஆட்களுக்குச் சந்தோஷம் தரவேண்டிய விஷயம்.

தகவல் என்றால் திருத்தும் உரிமை வருமே? நான் எழுதிய தப்பான விடையை இப்போது சரியாக்கித் தாருங்கள் என்று ஒருவர் கேட்கலாமா? கூடாது என்றது நீதிமன்றம். அதற்குச் சொன்ன காரணம் முக்கியமானது. ஒரு தகவல் சரியா தவறா என்பதை அது எதற்காகச் சேகரிக்கப்பட்டதோ அதை வைத்துத்தான் அளக்கவேண்டும். தேர்வின் நோக்கம் அன்றைய தேதியில் அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அறிவது. அவருடைய தவறுகள்தான் அதைக் காட்டுகின்றன. எனவே தவறான விடை, தவறான தகவல் ஆகாது. ஆனால் இருவரின் தாள்கள் மாறிப்போனாலோ, சில பக்கங்கள் தொலைந்தாலோ, திருத்தியவரின் மதிப்பீட்டை அவருடைய குறிப்பு சரியாகப் பதிவு செய்யாவிட்டாலோ அது தவறான தகவல்தான். திருத்தச் சொல்லலாம். தேர்வு முடிந்து, எதிர்த்துக் கேட்கும் காலமும் முடிந்து, தாள் சாட்சியாகத் தேவைப்படாத நிலை வந்தபின் அழிக்கச் சொல்லிக் கேட்கவும் உரிமை உண்டு.

தோழியின் வகுப்பில் நடந்தது அச்சு அசலாகத் தாள் மாறிய கதை. லக்ஸம்பர்க் நீதிமன்றத்தின் முதல் உதாரணம் நம் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் திருத்திய விடைத்தாளைப் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாணவருக்கு உரிமை உண்டு என்றது. 1984-இல் மகாராஷ்டிர வாரிய வழக்கில் மூடிய கதவு அது. ஆனால் பார்ப்பதற்குத்தான் உரிமை. மறுமதிப்பீடு கேட்கும் உரிமை அதிலிருந்து பிறக்காது. பார், ஆனால் தொடாதே.

இந்தத் தீர்ப்புகள் தொடாத மூன்றாவது வகைப் பிழை ஒன்று உண்டு. பதிவு சரி, தாளும் மாறவில்லை, கேள்விதான் பிழை. வீட்டில் வாக்ரிபோலி பேசுகிற நரிக்குறவர் வீட்டுக் குழந்தைக்குப் படத்தைக் காட்டித் தமிழில் பெயர் சொல்லச் சொல்கிறோம். குழந்தைக்குப் பொருள் தெரியும், பெயரும் தெரியும். நாம் எதிர்பார்க்கிற பெயர் தெரியாது. 'அடையாளம் காணவில்லை' என்று பதிவாகிறது. நோவாக் தீர்ப்பின்படி இதில் திருத்த ஒன்றுமில்லை. குழந்தை அப்படித்தான் பதில் சொன்னது. ஆனால் அடையாளம் காணாதது யார்? குழந்தையா, தேர்வா? வாக்கியத்தின் எழுவாயை மாற்றினால் ஒழிய இந்தப் பிழை தெரியாது. எழுவாயை மாற்றும் பொத்தான் எந்தச் செயலியிலும் இல்லை.

4

தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அவர்கள் கற்ற நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் இழப்பை ஈடுகட்ட, எந்த நிலையில் குழந்தை இருக்கிறதோ அங்கிருந்து சொல்லிக்கொடு என்பது நோக்கம். நோக்கத்தில் எனக்குத் தகராறு இல்லை. சுமாரான பிள்ளையைக் கடைசி பெஞ்சில் மறந்துவிடுகிற பழைய வகுப்பைவிட இது நல்லது.

பெயர்களைக் கொஞ்சம் வாசிப்போம். முதல் தரம், இரண்டாம் தரம் என்று சொல்லத் தயங்கிப் பூவிலிருந்து உருவகம் எடுத்திருக்கிறார்கள். கனிவுதான். ஆனால் பூ தானாக மலரும். தண்ணீர் ஊற்றியவன் யார், ஊற்றாதவன் யார் என்று பூவிடம் யாரும் கேட்பதில்லை. சமூகம் செய்த ஒன்றை இயற்கை செய்ததாகக் காட்டுவது உருவகத்தின் பழைய வேலை. குழந்தைகளோ நம்மைவிட நல்ல வாசகர்கள். "நீ என்ன?" என்று கேட்டால், "நா அரும்பு, அவ மலரு" என்று சொல்லிவிடுகின்றன. உருவகம் உதிர்ந்து தரம் வெளியே வந்துவிடுகிறது.

இங்கேதான் சேமிப்பு என்கிற பிரச்சினை நுழைகிறது. கல்வி உலகில் இரண்டு வகை மதிப்பீடு சொல்கிறார்கள்: வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு. முன்னது கற்பிக்கும்போதே பார்த்துக்கொள்வது. சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கிற மாதிரி. அடுத்த வாரம் எதைத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவெடுத்ததும் அந்த மதிப்பீட்டின் வேலை முடிந்தது. அதன் உண்மைக்கு ஆயுள் ஒரு வாரம். கூடிப்போனால் ஒரு மாதம். பின்னது முடிவில் தொகுத்துச் சொல்வது. அதற்கு ஆயுள் அதிகம்.

வளரறி மதிப்பீட்டை நாள், நேரம், குழந்தையின் எண் சகிதமாகக் கிடங்கில் ஏற்றி வருடக்கணக்கில் வைத்தால் அது வளரறியாக இருக்குமா? இருக்காது. சேமிப்பு அதைத் தொகுத்தறியாக மாற்றிவிடுகிறது. பெயர் மாறவில்லை, தன்மை மாறிவிட்டது. நசுக்கிப் பார்த்த பருக்கையைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, 'இந்த வீட்டுச் சோறு வேகாதது' என்று சீட்டு ஒட்டி வைத்த கதைதான். சோறு வெந்து, பந்தி பரிமாறி, இலையும் எடுத்தாயிற்று. குடுவை மட்டும் இருக்கிறது. நோவாக் தீர்ப்பின் அளவுகோலை இங்கே பயன்படுத்தலாம்: எதற்காகச் சேகரித்தாயோ அந்த வேலை முடிந்ததா? முடிந்தது என்றால், சரியான பதிவேயானாலும் அதை வைத்திருக்க உனக்கு என்ன காரணம் இருக்கிறது?

தொகுப்பேடு இன்னொன்றும் செய்கிறது: தன்னைப் பற்றித் தானே எழுதச் சொல்கிறது. பிரிட்டனில் பயிற்சி மருத்துவர்கள் தங்கள் தவறுகளைப் பற்றிய சுயசிந்தனையை மின்னணுத் தொகுப்பேட்டில் எழுதவேண்டும். 2011-இல் ஒரு குழந்தை இறந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட டாக்டர் ஹடீஸா பாவா-கார்பாவின் பெயர் 2018 ஜனவரியில் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டபோது, நாம் எழுதியதே நமக்கு எதிராகத் திரும்புமோ என்ற பயம் அங்குள்ள மருத்துவர்களிடம் பரவியது. அவருடைய தொகுப்பேடு குற்றவியல் விசாரணையில் சாட்சியமாக வைக்கப்படவில்லை என்று பிறகு தெளிவுபடுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டில் நீக்கமும் ரத்தானது. பயம் போகவில்லை. அழிக்கமுடியாத பாவமன்னிப்புக் கூண்டில் யார் உண்மை பேசுவார்கள்? பதிவு நிலைக்க நிலைக்கப் பொய் பழகும். தவறை மறைக்கத் தெரிந்தவர் நல்ல தொகுப்பேட்டுக்காரர் ஆவார்.

5

ஒன்றிய அரசு 2023-இல் அறிமுகம் செய்து நாடெங்கும் கொண்டுபோகிற மாணவர் அடையாளத்தின் பெயர் 'அபார்'. ஒவ்வொரு மாணவருக்கும் பன்னிரண்டு இலக்க எண். மதிப்பெண், சான்றிதழ் எல்லாம் அதில் சேரும். இங்கிலீஷ் விரிவில் இரண்டாவது சொல் 'நிரந்தர'. நம்மூரில் அபாரம் என்றால் கைதட்டல். வடமொழியில் அபார என்றால் கரையில்லாதது. கரையில்லாத இடத்தில் கரைசேருவது எப்படி?

பெற்றோர் ஒப்புதல் பெற்றுத்தான் எண் கொடுக்கவேண்டும் என்கிறார்கள். நடைமுறையில் முதல் சண்டை பெயரில் வருகிறது. ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர். இரண்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் எண் பிறக்கும். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், இன்னொரு இடத்தில் அப்பா பெயரே முழுசாக. 'கடைசிப் பெயர்' என்கிற கட்டத்தில் எதைப் போடுவது என்று நம் தாய்மார்கள் இ-சேவை மையத்தில் நிற்கிறார்கள்.

இந்தக் கட்டம் ஏன் நமக்குக் காலியாக இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பின்னொட்டைக் கைவிடத் தீர்மானித்தது. தமிழ்ச் சமூகம் தன் பெயர்ப் பதிவிலிருந்து தானே ஒன்றை நீக்கிக்கொண்டது. நீக்குவது அரசியல் செயலாக முடியும் என்பதற்கு நமக்கு வெளியிலிருந்து உதாரணம் தேவையில்லை. அதற்கும் முன்னால், 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகைச் சட்டம் என்று மக்கள் அழைத்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பதிவேட்டில் ரேகை வைக்க மறுத்துப் பெருங்காமநல்லூரில் சுடப்பட்டுச் செத்தார்கள். பிறப்பையே குற்றப் பதிவாக்கிய ஏடு அது. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் ஒழிந்தது. பதிவேட்டில் பெயர் ஏறுவது உயிர்ப் பிரச்சினை என்று அவர்களுக்கு எந்தக் கோட்பாடும் சொல்லித்தரவில்லை.

ஆனால் அழிப்பது எப்போதும் விடுதலை என்று நினைத்தால் அங்கேயும் சறுக்குவோம். பெயரிலிருந்து சாதியை நீக்கியவர்களில் பலருக்கு ஊரில் அது நீங்கவில்லை, தெருவே சொல்லிவிடும். சாதிச் சான்றிதழ் என்கிற பதிவு இல்லாமல் இட ஒதுக்கீடு இல்லை. ஒடுக்கப்பட்டவருக்குப் பதிவு சில சமயம் விலங்கு, சில சமயம் ஆயுதம். மதிப்பீட்டுப் பதிவும் அப்படியே. ஒரு பள்ளியில் ஐந்து வருஷமாக ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் அரும்பாகவே இருக்கிறார்கள் என்றால் அந்தப் பதிவு அழியக்கூடாது. அது குழந்தைக்கு எதிரான சாட்சியம் அல்ல, பள்ளிக்கு எதிரான சாட்சியம். ஆகவே கேள்வி அழிப்பதா வேண்டாமா என்பதல்ல. யார் பெயரில் வைப்பது என்பது. பள்ளியின் பெயரில் இருக்கட்டும், குழந்தையின் பெயரிலிருந்து கழியட்டும். தொழில்நுட்பத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை. மனசில்தான் தடை.

6

சட்டம் என்ன சொல்கிறது? 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தரவைத் திருத்தவும், நிரப்பவும், புதுப்பிக்கவும், அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. படிக்க நன்றாக இருக்கிறது. கூர்ந்து படித்தால், ஒப்புதலின் பேரில் தந்த தரவுக்குத்தான் இந்த உரிமை. ஒப்புதல் இல்லாமலே அரசு பயன்படுத்த அச்சட்டம் அனுமதிக்கிற தரவு இதில் அடங்காது. குழந்தைகளின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிக்கக்கூடாது என்று 9-ஆம் பிரிவு சொல்கிறது. கல்விச் செயல்பாட்டுக்காகக் கல்வி நிறுவனங்கள் கண்காணிக்கலாம் என்று 2025 நவம்பரில் வந்த விதிகள் விலக்குத் தருகின்றன. அந்த விதிகளின் முக்கியப் பகுதிகளும் பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். பாதுகாப்புத் தேவைப்படுகிற இடத்தில் கதவைத் திறந்துவைத்த சட்டம் இது.

அமெரிக்காவில் 1974-இல் வந்த 'ஃபெர்பா' சட்டத்தில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. அந்த நாட்டைப் பாராட்ட நமக்கு வேறு காரணம் குறைவு என்றாலும் இதை எடுத்துக்கொள்ளலாம். தன் பதிவு தவறானது, திசைதிருப்புவது என்று மாணவரோ பெற்றோரோ திருத்தக் கேட்கலாம். பள்ளி மறுத்தால் விசாரணை நடத்தவேண்டும். விசாரணையிலும் தோற்றால், தன் மறுப்பை எழுதி அந்தப் பதிவோடு சேர்க்கலாம். பதிவு இருக்கும்வரை மறுப்பும் அதோடு இருக்கவேண்டும். பதிவை யாருக்குக் காட்டினாலும் மறுப்பையும் சேர்த்துத்தான் காட்டவேண்டும். மதிப்பெண்ணின் நியாயத்தை எதிர்த்து வழக்காட இச்சட்டம் இடம் தராது. அது அதன் எல்லை. ஆனால் தோற்றவரின் வாக்கியமும் கோப்புக்குள் இருக்கவேண்டும் என்கிற எண்ணம் பெரியது. எழுவாய் முதல்முறையாக வாய் திறக்கிறது.

இது நமக்கு அந்நியமும் அல்ல. சாமிநாதையர் சுவடிகளை ஒப்பிட்டு அச்சில் கொண்டுவந்தபோது, ஒத்துவராத பாடங்களை ஒழித்துவிடாமல் பாடபேதமாகப் பதிவு செய்தார். மூலத்தில் ஒன்று, அடியில் இன்னொன்று. எது சரி என்று பின்னால் வருகிற வாசகர் முடிவெடுக்க இடம் விட்டார். பழந்தமிழ் ஏட்டுக்குக் கொடுத்த மரியாதையை எட்டு வயதுப் பிள்ளையின் ஏட்டுக்கும் கொடுக்கலாம்.

ஆகவே கேட்கவேண்டியவை என்று எனக்குத் தோன்றுவது இவைதாம். ஒன்று, பதிவேற்றும்போது நேர்ந்த பிழையைப் பதிவேற்றிய ஆசிரியரே, தலைமையாசிரியரின் ஒப்போடு, எப்போதும் திருத்தலாம். பழையது, புதியது, யார் திருத்தியது மூன்றும் பெற்றோர் கண்ணுக்குத் தெரியவேண்டும். இரண்டு, வளரறி மதிப்பீட்டுக்கு ஆயுள் குறிக்கப்படவேண்டும். பருவம் முடிந்தால் குழந்தையின் பெயர் கழன்று, கணக்கு பள்ளியோடு நிற்கவேண்டும். மூன்று, மதிப்பீட்டையே ஏற்காத குழந்தைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பாடபேதம் எழுத இடம் வேண்டும். எழுத்து தெரியாதவர் சொல்லச் சொல்லப் பள்ளி எழுதிக்கொள்ள வேண்டும். வகுப்பை விட்டுவிட்டுச் செயலியில் பதிவேற்றுவதே வேலையாகிப்போனது என்று ஆசிரியர் இயக்கங்கள் குரல் கொடுத்துவந்திருக்கின்றன, நியாயமான குரல். ஆனால் அது வேலைப்பளுவைப் பற்றிய குரலாகவே இருக்கிறது. பதிவின் மீதான உரிமை யாருடையது என்கிற கேள்வியும் அதில் சேரவேண்டும்.

7

தோழியிடம் கடைசியாகக் கேட்டேன், "அந்த ரெண்டு பிள்ளைங்க கதை என்னாச்சு?"

கட்டம் திறக்கவே இல்லையாம். அடுத்த மதிப்பீடு வந்தது, எல்லோரும் அதற்குப் போய்விட்டார்கள். "போர்ட்டல்ல அவ இன்னும் அன்னிக்கு வரலை" என்றார். அவர் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். அதில் அந்தத் தேதியில் இரண்டு பெயரும் இனிஷியலோடு இருக்கின்றன. முதலில் தப்பாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியாக எழுதி, தன் சுருக்கொப்பம் வைத்திருக்கிறார். அந்த நோட்டை யாரும் கேட்கப்போவதில்லை. அதிகாரிகள் வந்தால் அது தேவையில்லாத பதிவேடு என்றுகூடச் சொல்லலாம்.

அந்த நோட்டில் இருப்பது சரியான தகவல். போர்ட்டலில் இருப்பது அதிகாரபூர்வமான தகவல். இந்த இரண்டுக்கும் நடுவில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி நிற்கிறாள். அன்றைக்கு அவள் பள்ளிக்கு வந்திருந்தாள். எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருப்பவர்களும் இதைப் பற்றி விவாதிக்க வேண்டும். ஆசிரியராக இருக்கும் வாசகர்கள் தங்கள் நோட்டுகளில் இருப்பதை எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது.